டோரீனம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு

டோரீன் ஆஷ்வொர்த் ஊத்துமேட்டில் விட்ட முதல் மூச்சு ஜெயராணியின் வடகத்தின் மேல்தான் பட்டது. பங்குனி மாதம், இலை அசையாத பிற்பகல், மேற்கே மலை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் புழுதி நின்றுகொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கி மாடிப் போர்ஷனில் குடியேறியிருந்த நான், துணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டு, ஸ்பீக்கரை ஜன்னலோரம் வைத்தேன். பியானோ நாலைந்து சுரம் நடந்து வந்து நின்றது. அந்த அம்மாள் மூச்சை உள்ளே இழுத்தார். ஜன்னல் திரை எழுந்து போய் ஸ்பீக்கரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் வரியைப் பாடினார். திரை விலகி வெளியே பறந்தது. அடுத்த மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து ஜெயராணி பிழிந்து வைத்திருந்த வடகத்தின் மேல், மழை பெய்து ஓய்ந்த கல் தெருவின் வாடையோடு ஒரு குளிர்ந்த காற்று நிதானமாக வீசிப் போயிற்று.

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த ஜெயராணி, புதிதாகக் கூலர் வாங்கியிருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை, பாட்டுக் கேட்கிறேன் என்றேன்.

"அப்ப நிறுத்திராத தாயி, மறுபக்கமும் காயட்டும்" என்றாள்.

டோரீன் ஆஷ்வொர்த் யார் என்று சொல்லிவிடுகிறேன். இளவயதில் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டி, கைதட்டவைக்கும் வேகப் பாட்டுகளால் அந்தத் தேசத்தின் வானொலிப் பெட்டிகளையெல்லாம் குலுக்கியவர். பிறகு வருஷக்கணக்கில் பாடாமல் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியபின், போய்விட்டவனையே நினைத்துக்கொண்டு ஒருத்தி தனியாகப் பாடுகிற மெதுவான காதல் பாட்டுகளை மட்டும் சேர்த்து, ஒரு பியானோ, ஒரு பெரிய பாஸ் வாத்தியம், தூரத்தில் ஒரு ட்ரம்பெட் என்று வைத்துக்கொண்டு, ‘இரண்டாவது சாவி’ என்ற இந்தத் தட்டைக் கொண்டுவந்தார். முன்பு படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிய குரல், இதில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறது. ஏற முடியாத படி வந்தால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து அது சொல்வது மேலே போய்ச் சொல்வதைவிட நன்றாக இருக்கிறது. வழக்கமாக ஒலிப்பதிவுக்காரர்கள் பாடகர் மூச்சு வாங்கும் சத்தத்தைத் தேடித்தேடி வெட்டி எறிவார்கள். இந்தத் தட்டில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அந்த வயதான நெஞ்சு திறப்பதும், வரி முடிந்ததும் மிச்சக் காற்று உதட்டைவிட்டுப் போவதும் அப்படியே இருந்தன. தட்டில் இருந்ததால் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்தன, அவ்வளவுதான்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் சொல்ல வேண்டியது. டீக்கடையில், குளிர்ப் பிரதேசத்துக்காரியின் மூச்சு குளிர்ச்சியாக இல்லாமல் பின்னே எப்படியிருக்கும் என்றார்கள். ரேடியோக் கடை மீரான் பாய் திருப்புளியோடு வந்து ஸ்பீக்கரைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை என்று திரும்ப முடுக்கினார். ஒரு பெரியவர், அந்தப் பெண்மணி உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினார். இறந்தவர் மூச்சென்றால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றேன். எந்த ஊர்க்காரி என்று அடுத்து கேட்டார்கள். அட்டையின் பின்பக்கத்தில் போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன்: லங்காஷையர் பக்கம், பஞ்சாலை ஊர், அப்பா அம்மா இரண்டு பேருமே மில் வேலை.

"மில்லுக்காரப் பிள்ளையா? அப்பச் சரி" என்றார் பெரியவர். ஊத்துமேடும் பஞ்சாலை ஊர்தான். அதோடு விசாரணை முடிந்தது. ஜெயராணியைத் தொடர்ந்து தெருவில் இன்னும் சில பேர் கூழ் காய்ச்சிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள்.

கீழ்ப் போர்ஷனில் வீட்டுக்காரர் சீனிராஜ் அண்ணாச்சியும் அவர் மனைவி ஆவுடைத்தங்கம் அக்காவும் இருந்தார்கள். அண்ணாச்சி மில்லில் பேல் பொதியை உடைத்துப் பஞ்சை உதறுகிற புளோ ரூமில் வேலை பார்த்தவர். அந்த அறையில் பஞ்சுத் தூசி எந்நேரமும் மார்கழிப் பனி மாதிரி இறங்கிக்கொண்டிருக்கும். அத்தனை வருஷமும் இறங்கியது அவர் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. சங்கத்தில் முன்னால் நின்று, மைக் இல்லாமலே மில் வாசல் முழுக்கக் கேட்கும்படி பேசியவர், இப்போது பிரம்பு நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பார். படுத்தால் மூச்சு அடைக்கும். உட்கார்ந்தே தூங்குவார். பெரியாஸ்பத்திரியில், இருக்கிற நுரையீரலை வைத்து ஓட்டுகிறவரை ஓட்ட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வடகம் காய்ந்த அந்த வாரத்தில் ஒரு நாள், தட்டின் இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, கீழே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா அடுப்படி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து உள்ளே பார்த்தேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாடியில் டோரீன் மூச்சை இழுக்கும்போது அவர் நெஞ்சு ஏறியது. டோரீன் வரியை முடித்து விடும்போது இறங்கியது.

என்ன ஆயிற்று என்று அக்காவைக் கேட்டேன். "திட்டுதாக" என்றார். என்னவென்று திட்டினாராம்? "ஆவுடை, ரசத்துல உப்பு பத்தலை, நேத்தும் பத்தலை, முந்தாநேத்தும் பத்தலை, சொல்ல மூச்சில்லாம சும்மா விட்டுட்டேன்னு, ஒரே மூச்சுல சொல்லுதாக தாயி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு ஜாடியை எடுக்கப் போனார்.

அன்றைக்கே மீரான் பாயும் நானுமாக எல்லாவற்றையும் கீழே இறக்கி, ஸ்பீக்கரை அண்ணாச்சியின் நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியிலும், தட்டுச் சுழலும் பெட்டியை அவர் கைக்கெட்டும் தூரத்திலும் வைத்தோம். காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை என்று தட்டு ஓடியது. ஓடி முடித்த பிறகும் அந்தக் காற்று அவருக்குள் சில மணி நேரம் நின்றது. அவர் மல்லாந்து படுத்தார், பேசினார், தெருமுனை வரை நடந்தார். செய்தி போய், புளோ ரூமிலும் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கிலும் அவரோடு வேலை பார்த்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் பேசமாட்டார்கள். டோரீன் இழுக்கும்போது அத்தனை நெஞ்சும் ஏறும், விடும்போது அத்தனையும் இறங்கும், கொடியில் காயும் துணிகள் ஒரு தடவை உள்ளே வளைந்து ஒரு தடவை வெளியே வளையும். கோலப்பொடிக்காரர் எங்கள் வீட்டு வாசல் வந்ததும் தன் ஒலிபெருக்கியை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்து, தெருமுனை போனதும் திரும்பப் போட்டுக்கொள்வார்.

பாட்டு என்ன சொல்கிறது என்று அண்ணாச்சி கேட்க ஆரம்பித்தார். நான் வரி வரியாகச் சொன்னேன். அவன் போன பிறகும் ரொட்டியை இரண்டு பேருக்கே நறுக்குகிற கைப் பழக்கத்தைப் பற்றி ஒன்று; ரயில் நிலையத்தில் தவறான நடைமேடையில் காத்திருந்தது தெரிந்தும் அதை ஒப்புக்கொள்ளாத ஒருத்தியைப் பற்றி ஒன்று. தட்டுக்குப் பெயரான பாட்டு, இருப்பதிலேயே மெதுவானது: நீ வைத்துவிட்டுப் போன இரண்டாவது சாவி அதே ஆணியில் தொங்குகிறது, காற்றடித்தால் சுவரில் தட்டுகிறது, யாரோ என்று எழுந்து எழுந்து போகிறேன்.

"பூட்டை மாத்திருக்கலாம்லா" என்றார் அடுப்படியிலிருந்து அக்கா.

அக்காவுக்கு அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. முதல் வாரத்தில் ஸ்பீக்கர் முன்னால் விளக்கேற்றப் போனவர்தான். அப்புறம் அண்ணாச்சி பாட்டுக்கு முன்னால் முகம் மழித்துக்கொள்வதையும், வெள்ளைச் சட்டை கேட்பதையும், சாவிப் பாட்டு வரும்போது கண்ணை மூடிக்கொள்வதையும் கவனித்தார். டோரீனுக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். மூன்று கல்யாணம் நடந்தது, இப்போது தனியாகத்தான் இருக்கிறார் என்றேன். அக்கா முருங்கைக்கீரை முழுவதையும் உருவி முடித்தார்.

"எனக்கும் மூச்சு இருக்கு தாயி" என்றார் கடைசியில். "இத்தனை வருசமா இதே வீட்டுக்குள்ளதான் விட்டுக்கிட்டு இருக்கேன். அது அவுகளுக்கு உறைக்கலையே."

சித்திரை பிறந்தபோது டோரீனின் மூச்சு இளைத்தது. கடைசிப் பாட்டில் கொடித்துணி பாதிதான் வளைந்தது. முன்பு வாசல்வரை வந்த கல் தெரு மழை வாடை, இப்போது நாற்காலியோடு நின்றுவிட்டது. ஊசி தேய்ந்திருக்கும் என்று மீரான் பாய் புதிது மாற்றிப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை. முற்றத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் மில்லில் உழைத்தவர்கள், அவர்களுக்கு இது இசைத்தட்டின் விவகாரமாகவே படவில்லை. எழுபது வயதுக்கு மேலான ஒரு பொம்பளை தினமும் இரண்டு நேரம் இத்தனை பேருக்கு மூச்சு விட்டால் என்ன ஆகும்? அவர்கள் கூட்டம் போட்டார்கள். அண்ணாச்சி தலைமை தாங்கினார். முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் நடுவே டீ இடைவேளை என்று முடிவாயிற்று. பெண் தொழிலாளி என்பதால் பொழுது சாய்ந்தபின் போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வார ஓய்வு. வார ஓய்வு கேட்டு மில் வாசலில் கிடந்து, அதற்காகப் போலீஸ் வேனில் ஏறிய ஆள் அண்ணாச்சி. யாராக இருந்தாலும், எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் அவர்கள் நெஞ்சு அவர்களுக்கே சொந்தம் என்று அவர் சொன்னபோது முற்றத்தில் கைதட்டினார்கள்.

அக்கா மட்டும் தட்டவில்லை. "என்னைய எந்த ஞாயித்துக்கிழமை அடுப்படியவிட்டு இறக்கிவிட்டாக?" என்று கேட்டுவிட்டு, எல்லோருக்கும் டீ கொண்டுவரப் போனார்.

ஓய்வு பலித்தது. திங்கட்கிழமைகளில் டோரீன் புதிதாகப் பாடினார். துணிகள் பழையபடி வளைந்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணாச்சிக்குக் கஷ்டமாயின. மற்றவர்கள் நெஞ்சு ஒரு நாள் தாங்கியது, அவருடையது தாங்கவில்லை. பழையபடி முன்னால் சாய்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி திங்கட்கிழமையை நோக்கி ஒவ்வொரு மூச்சாக நகர்ந்துபோவார். ஒரே ஒரு பாட்டு, சின்னதாக வைத்து, அந்த அம்மாளுக்குத் தெரியவா போகிறது என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மில் நிர்வாகத்திலிருந்து பேச்சுவார்த்தைக்கு வந்த ஆள் மாதிரி ஆகிவிட்டேன்.

அந்தச் சித்திரையில், அனல்காற்றில் செம்மண் பறந்து ஊர் முழுக்க இருட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரத்துக்கு முன்னாலேயே அக்கா என்னைக் கூப்பிட்டார். அண்ணாச்சியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி எழுந்தது. ஜெயராணி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஓடினாள். புழுதியில் ஆட்டோ எப்போது வருமோ, வந்தாலும் எப்படிப் போய்ச் சேருமோ தெரியாது. நான் தட்டை எடுத்து வைத்து, சுழலவிட்டு, ஊசியைத் தூக்கினேன்.

அண்ணாச்சி கையை நீட்டித் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தட்டு அவர் கைக்குக் கீழே முனகி நின்றது.

"லீவு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவரிடம் காற்று இருந்தது.

உயிர் போகிறதே அண்ணாச்சி என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அக்கா அழவில்லை. வந்து, முக்காலிமேலிருந்த ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் சுவரோரம் வைத்தார். அந்த முக்காலியில், அண்ணாச்சியின் முழங்காலோடு தன் முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தார்.

"லீவுன்னா லீவுதான். நான் மறுக்கலை" என்றார். "ஆனா லீவு நாளைக்கு மில்லு நின்னுச்சா? பதிலி வந்து ஓட்டலையா? நான் பதிலி. ஏத்துக்கிடுங்க."

நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இயந்திரத்தில் நிற்க வருகிறவர்கள்தான் பதிலி. காலையில் மில் வாசலில் கூட்டமாக நின்று, பெயர் கூப்பிட்டால் உள்ளே போவார்கள், கூப்பிடாவிட்டால் தூக்குச்சட்டியோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவின் வாசலில் அப்படி நின்றவர். கடைசிவரை அவரை நிரந்தரம் ஆக்கவில்லை. அண்ணாச்சி அக்காவின் முகத்தைப் பார்த்தார். இதில் எந்த விதி மீறப்படுகிறது என்று அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை. தட்டின் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா மூச்சை உள்ளே இழுத்தார்.

திரை அசையவில்லை. கொடியில் துணிகள் தொங்கியபடி தொங்கின. அக்கா பாட ஆரம்பித்தார், சாவிப் பாட்டு. இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. மெட்டு மட்டும், இத்தனை நாள் அதே வீட்டில் சமைத்தும் துவைத்தும் கேட்ட மெட்டு, எங்கே நிற்க வேண்டும், எங்கே காற்று வாங்க வேண்டும் என்பது உட்பட, அவரிடம் முழுசாக இருந்தது. வார்த்தைக்கு, கிடைத்ததைப் போட்டார். முருங்கைக்காய் வாங்கினேன், ரெண்டு முத்தல் என்று பாடினார். ரேஷன்ல பாமாயில் வரலை என்று பாடினார். நீங்க போலீஸ் வேன்ல ஏறுன அன்னிக்கு நான் சோறு வடிச்சு வச்சு ஆறிப்போச்சு என்று பாடினார், அதே மெட்டில், அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் மூச்சை இழுத்து. மழை வாடை இல்லை. மல்லித்தழையும் மோரும் அடுப்பும் மணக்கிற, கொஞ்சம் சூடான, சாதாரண மூச்சு. அது அக்காவின் முழங்கால் தூரத்தைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. எங்கேயும் போக வேண்டியிருக்கவும் இல்லை.

அக்காவின் நெஞ்சு ஏறியபோது அண்ணாச்சியின் நெஞ்சு ஏறப் பார்த்தது, ஏறாமல் தடுமாறி, இருமி, நின்றது. அக்கா நிறுத்தவில்லை. அடுத்த வரிக்கு இழுத்தார். அது பாதி ஏறியது. அதற்கடுத்த வரிக்கு ஏறியது. ஆட்டோ வந்து வாசலில் நின்றது; உள்ளே எட்டிப் பார்த்த டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஜெயராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். முதல் பக்கத்துப் பாட்டுகள் முடிந்ததும் அக்கா அப்படியே இரண்டாம் பக்கத்துக்குப் போகப் பார்த்தார்.

அண்ணாச்சி விரலைத் தூக்கினார். "டீ" என்றார்.

நான் போட்டுக் கொண்டுவந்தேன். அக்கா குடித்தார். இடைவேளை முடிந்து இரண்டாம் பக்கம். ட்ரம்பெட் வரும் இடங்களில் வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஊதினார். அதற்கு அண்ணாச்சியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. புழுதி அடங்கி, மேற்கே மலை திரும்பத் தெரிய ஆரம்பித்தபோது அவர் உதட்டுக்கு நிறம் திரும்பியிருந்தது. ஆட்டோக்காரர் காத்திருந்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டு, வடகம் ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலையில் முற்றத்தில் ஆட்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் முக்காலியில் வைக்கக் குனிந்தேன். முக்காலியில் அக்காவின் டீ டம்ளர் இருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்றார் அண்ணாச்சி. அந்தம்மாவை முற்றத்துக்குக் கொண்டு போ, அங்கே அவர்களுக்கு ஆள் காத்திருக்கிறது என்று, நிறுத்தி நிறுத்தி, ஆனால் பதறாமல் சொன்னார். ஏன், இங்கே வேண்டாமா என்று கேட்டேன்.

"இங்க பதிலிய நிரந்தரம் பண்ணியாச்சு" என்றார்.

அடுப்படியில் சத்தம் நின்றது. அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்துகொண்டார். நான் ஸ்பீக்கரை முற்றத்தில் வைத்து, தட்டைச் சுழலவிட்டுத் திரும்பினேன். வெளியே டோரீன் ஆஷ்வொர்த் ஒரு நாள் ஓய்வெடுத்த நெஞ்சோடு முதல் மூச்சை இழுக்க, முற்றத்துத் துணிகளெல்லாம் ஒன்றாக உள்பக்கம் வளைந்தன.

"நிரந்தரம்னா எனக்கும் வார லீவு உண்டுல்லா?" என்றார் அக்கா. "எந்தக் கிழமைன்னு சொல்லச் சொல்லு தாயி."

லீவு விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் இல்லை அண்ணாச்சி. நெஞ்சை மெல்ல நிறைத்துக்கொண்டார்.

"நீ என்னைக்கு லீவு எடுக்கியோ அன்னிக்கு நானும் எடுத்துக்கிடுதேன்" என்றார், இடையில் எங்கும் மூச்சு வாங்காமல்.